எங்கள் அச்சாயன் பொய் சொல்ல மாட்டார்

புளிங்கரை
10 செப்டம்பர் 1978

நான் சிரிச்சேன்னு உனக்கு யாருடா சொன்னது? அங்க ஆப்பிரிக்காவுல உக்காந்துக்கிட்டு, அண்ணன் எப்படிச் சிரிச்சிருப்பான்னு நீயே கணக்குப் போட்டு, அதுக்கு நீயே கோபமும் பட்டு, அந்தக் கோபத்தை மடிச்சு ஒட்டித் தபால்ல வேற போட்டிருக்கே. கணக்கு வாத்தியாருன்னா இப்படியா? சரி, சிரிச்சேன். "தினமும் காலையில் பிரசங்கம் செய்கிறேன்"ங்கிற வரி வந்ததும் வெத்திலைச் சாறு மூக்குல ஏறிடுச்சு. உன் பொண்டாட்டி ஏலிக்குட்டிதான் முதுகுல தட்டினா. கொஞ்சம் பலமாவே தட்டினா.

இயேசு மரி சூசை துணை. இதை மேல எழுதியிருக்கணும், நீ கிளப்பிவிட்டதுல மறந்துட்டேன். இங்க எல்லாரும் சுகம், என் முழங்காலைத் தவிர. வெள்ளத் தண்ணி வடிஞ்சுடுச்சு. உன் வீட்டுத் தென்னைக்குச் சேறு வெட்டிப் போட்டாச்சு.

அஞ்சு வருஷமா கோயில் படி மிதிக்காதவன். "இனிமே எந்தப் பீடத்து முன்னாலயும் தலை குனிய மாட்டேன்"னு பங்குச் சாமியார் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போனவன். கடவுளுக்கு அந்தக் கண்டத்துல வேற ஆளே கிடைக்கலையா?

ஆனா ஒண்ணு. பிரசங்கத்துக்கு யோசனை ஆள் தெரிஞ்சுதான் கேட்டிருக்கே. நாப்பத்தோரு வருஷமா இந்தக் கோயில்ல மணியடிச்சு, மெழுகுவர்த்தி கொளுத்தற கப்பியாரு நான். பதினாறு சாமியாருங்களைப் பாத்தாச்சு. நாலாங்கிளாஸோட நின்னவன்தான். ஆனா தூண்ல சாஞ்சுக்கிட்டு நான் கேட்ட பிரசங்கத்தை எந்த ஆயரும் கேட்டிருக்க மாட்டார். முதல் பாடம் இதோ. மெதுவா ஆரம்பி. ஏழாவது நிமிஷத்துல சட்டுனு நிறுத்து. முடிஞ்சுதுடான்னு எல்லாரும் தலையைத் தூக்குவாங்க. அப்பப் புடிச்சுக்கோ.

நான் எழுதறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதறவன், உனக்குத் தெரியும். ஏலிக்குட்டி பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கா. கண்ணுல பூ விழுந்ததுலேர்ந்து அவளுக்கு நான்தான் பத்திரிகை. "தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லுங்க அச்சாயா"ங்கறா. வேற? "வேற ஒண்ணுமில்ல"ங்கறா.

உன் அண்ணன்
பைலி

*

சிபுவே மிஷன் பள்ளி
சாம்பியா
4 அக்டோபர் 1978

அன்புள்ள அச்சாயனுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நலம். உங்கள் முழங்காலுக்குக் குழம்புத் தைலம் தேய்க்கிறீர்களா? ஏலிக்குட்டியைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று நான் எழுதுவது இது நான்காவது முறை.

இந்தப் பிரசங்கம் நான் தேடிக்கொண்ட வேலை அல்ல. தலைமையாசிரியராக இருந்த வயதான சாமியார் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, தன் நாட்டுக்கே திரும்பிவிட்டார். வேறு சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். இங்கே தினமும் காலை ஆறரைக்கு மணி அடிக்கும். ஜெபம் முடிந்ததும் யாராவது பத்து நிமிடம் பேச வேண்டும். விடுதிப் பொறுப்பிலிருக்கும் கன்னியாஸ்திரீ என்னிடம் வந்து, "தோமையார் வந்த மண்ணிலிருந்து வந்தவர் நீங்கதான் இருக்கீங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் மட்டும்" என்றார். எந்த வெள்ளிக்கிழமை என்று நான் கேட்கவில்லை. ஏழு வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். சொல்ல வேண்டியிருக்கும்.

அச்சாயா, மணியடிக்காமல், சிலுவை நடாமல், மதிலோரத்துத் தெம்மாடிக்குழியில், குடிகாரனுக்கும் ஊர் பேர் தெரியாத பிணத்துக்கும் நடுவே என் மகன் அகஸ்தி கிடக்கிறான். அவனை அங்கே போட்ட சபையின் வார்த்தையை நான் தினமும் முன்னூறு பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். முதல் நாள் பெருக்கல் வாய்ப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினேன்.

புதுச் சாமியார் வந்திருக்கிறாரே, பேசினீர்களா? அகஸ்தியின் எலும்பையாவது நம் குடும்பக் கல்லறைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். எனக்காக இல்லை. ஏலிக்குட்டிக்காக.

பிரசங்கம் இரண்டு மூன்று எழுதி அனுப்புங்கள். சிரித்துவிட்டே அனுப்புங்கள்.

உங்கள் தம்பி
கோரா

*

புளிங்கரை
29 அக்டோபர் 1978

இயேசு மரி சூசை துணை. பாத்தியா, இந்தத் தடவை மறக்கலை.

முழங்காலுக்குத் தைலம் வாங்கினேன். தேய்க்க ஆள் இல்லை. பொண்டாட்டி செத்தவனுக்கு முதுகும் முழங்காலும் பொது இடம் மாதிரி, யாரும் கவனிக்கறதில்ல.

புதுச் சாமியார் நல்லவர்தான். சின்ன வயசு. ஆனா பாவம், ரொம்ப வேலை. ஓடு மாத்தணும், படகுத்துறை கட்டணும். நேரம் பாத்துப் பேசறேன். அவசரப்படாதே.

இப்பப் பிரசங்கம். இது சின்னத் தொப்பிச் சாமியார் சொன்னது, அவர் காலராவுல போனாரே, அவரு. ஒருத்தன் நூறு வாத்து வச்சிருந்தான். சாயங்காலம் எண்ணினா தொண்ணூத்தொம்பது. அத்தனையையும் வரப்புல விட்டுட்டு, இடுப்பளவு தண்ணியில அந்த ஒரு வாத்தைத் தேடிப் போனான். கிடைச்சதும் தோள்ல தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் கூவிக்கிட்டு வந்தான். இங்க நிறுத்து. அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொல்லு: "அந்த வாத்து நீதான்." நம்ம ஊர்ல இதைக் கேட்டு வாத்துக்கார அவுசேப்பு ஓன்னு அழுதான். அழுதுட்டு அன்னைக்கே ரெண்டு வாத்தை அடிச்சுச் சாப்பிட்டான், அது வேற விஷயம்.

ஏலிக்குட்டி கேக்கறா: அங்க மீன் கிடைக்குமா, கிடைச்சா குடம்புளி அனுப்பட்டுமான்னு. கண்ணு டாக்டர்னா அவளுக்குப் பிடிக்கலை. "பாக்க என்ன மிச்சம் இருக்கு?"ங்கறா.

பைலி

*

சிபுவே
26 நவம்பர் 1978

அன்புள்ள அச்சாயனுக்கு,

மழை தொடங்கிவிட்டது. நம் ஊர் மழை போல இல்லை. வானம் ஒரே அடியாகக் கொட்டிவிட்டு மறந்துபோகிறது. உடம்பு பரவாயில்லை. ஒரு வாரம் காய்ச்சல் இருந்தது. சோளக் களியும் கப்பெந்தா என்ற பொடிக் கருவாடும்தான் சாப்பாடு. குடம்புளி அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் வாத்து இங்கே நீந்தவில்லை. இவர்களுக்கு மாடுதான் எல்லாம். நான் சொல்லி முடித்ததும் ஹமூங்கா வாத்தியார் எழுந்து, "மிச்சம் தொண்ணூத்தொம்பதை யாரு பாத்துக்கிட்டது?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வகுப்புக்குப் போனார்கள்.

ஆனால் போன வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது. அன்று பேச என்னிடம் எதுவும் இல்லை. வாயைத் திறந்தேன், அகஸ்தி வந்தான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு என்று தொடங்கினேன். ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலத்தில் எல்லோரும் பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, செய்ய வேண்டும். செய்தவனுக்குச் சாமியார் முத்திரை போட்ட சீட்டு தருவார். சீட்டைக் கப்பியாரிடம் கொடுத்தால் பேரேட்டில் பெயர் ஏறும். மூன்று வருடம் சீட்டு வராதவனுக்குக் கல்லறையில் இடமில்லை. என் மகன் கொச்சியில் கயிறு கம்பெனியில் வேலை பார்த்தான். இரண்டு வருடம் அவன் சீட்டு வரவில்லை. மூன்றாம் வருடம் மே மாதம் ஊருக்கு வந்தான். ஞாயிறு பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் சாமியார் பேரேட்டைப் பார்த்து எல்லார் முன்னிலும் அவன் பெயரை வாசித்தார். "நான் கொச்சியிலயே செஞ்சுட்டேன். சீட்டைப் பெரியப்பாகிட்ட குடுத்துட்டேன்" என்றான். என் அண்ணனைக் கேட்டோம். "எனக்கு இவன் குடுத்தது ஒரு பொடி மட்டைதான்" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். கோயில் முற்றத்தில் பொய் சொன்னதற்காக என் மகனை அங்கேயே அறைந்தேன். அவன் போய்விட்டான். ஜூலையில் தோமையார் திருநாளுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வரும்போது, வெள்ளத்தில் படகு கவிழ்ந்து செத்தான். மணி அடிக்கவில்லை.

அப்போது ஏழாவது நிமிடம். நான் நிறுத்தினேன். அச்சாயா, முன்னூறு பிள்ளைகள், ஒரு இருமல் இல்லை. பிறகு சொன்னேன்: "ஒரு சின்னப் பொய். அவன் இன்னும் அதிலேயே படுத்திருக்கிறான்."

ஹமூங்கா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோரா

*

புளிங்கரை
20 டிசம்பர் 1978

இயேசு மரி சூசை துணை.

காய்ச்சல்னு ஒரு வரியில எழுதிட்டா ஆச்சா? எத்தனை நாள், என்ன மருந்து? ஏலிக்குட்டி கேக்கறா. குடம்புளி ஒரு பொட்டலம் தனியா வருது. தபால்காரன் மோந்து பாத்துட்டு, "உள்ள என்ன, செத்த எலியா?"ன்னான். ஆமா, பிரசங்கியாருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

கீழ எழுதறது ஏலிக்குட்டி கோழியை அடைக்கப் போனப்ப எழுதறது. உன் கடுதாசியில அந்தப் பாகத்தை அவளுக்கு நான் படிக்கலை. "பிரசங்கம் நல்லாப் போகுதாம்"னு தாண்டிட்டேன். நீயும் இனிமே அதை எழுதாதே. அங்கயும் சொல்லாதே. பையனை விடுடா. வாத்து பிடிக்கலைன்னா மாடு சொல்லு. நூறு மாடு. மிச்ச மாட்டைப் பாத்துக்க அந்த ஹமூங்காவையே நிறுத்திக்கோ.

இதோட நாலு பிரசங்கம் வச்சிருக்கேன். ஒண்ணு, கிணத்துக்குள்ள விழுந்த பணக்காரன். இன்னொண்ணு, பூசைக்கு வராத தையக்காரன். கடைசியில அவன் தச்ச அங்கியைத்தான் சாமியார் போட்டிருப்பார், ரொம்ப நல்லது, பொம்பளைங்க அழுவாங்க. மூணாவது நாலாவது நீயே படி. எட்டுப் பக்கம் எழுதியிருக்கேன். என் ஆயுசுல இவ்வளவு எழுதினதில்ல. விரல் வீங்கிப்போச்சு. அதுக்காகவாவது இதைச் சொல்லு, அதை விட்டுடு.

ஏலிக்குட்டி வந்துட்டா. கிறிஸ்மஸுக்குச் சுகமா இருக்கச் சொல்றா.

பைலி

*

சிபுவே
21 ஜனவரி 1979

அன்புள்ள அச்சாயனுக்கு,

புளி வந்தது. குழம்பு வைத்தேன். ஹமூங்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர்ப் பானையிடம் போனவர் திரும்பி வரவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. கவலை வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய நான்கும் அருமை. மற்ற நாட்களில் அவற்றைத்தான் சொல்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை பிள்ளைகளே அகஸ்தியைக் கேட்கிறார்கள். சமையல்கட்டுக்காரர்கள்கூடக் கரண்டியோடு வந்து வாசலில் நிற்கிறார்கள். போன மாதம் விடுதியில் ஒருவன் திருடிய போர்வையைத் தானே கொண்டுவந்து வைத்தான்.

நிறுத்தச் சொல்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். ஐந்து வருடமாக அந்த அறை என் கையில் இருந்தது. சுண்ணாம்புக் கட்டி பிடிக்கும்போதெல்லாம் உள்ளங்கை எரியும். இப்போது இல்லை. அவன் பொய் சொன்னான், நான் அடித்தேன். ஒரு தகப்பன் செய்வதைத்தான் செய்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அதை உரக்கச் சொல்லச் சொல்ல, இரவில் தூக்கம் வருகிறது. அவன் பொய் சொல்லவில்லை என்று நினைத்தால் நான் எப்படி உயிரோடு இருப்பது, சொல்லுங்கள்.

புதுச் சாமியாரிடம் பேசினீர்களா? இதற்கு மட்டும் நீங்கள் பதில் எழுதுவதே இல்லை.

கோரா

*

புளிங்கரை
18 பிப்ரவரி 1979

இயேசு மரி சூசை துணை. சுகம். முழங்காலும் சுகம்னு வச்சுக்கோ.

மணிக்குப் புதுக் கயிறு போட்டாச்சு. முந்தினதை எலி கடிச்சுடுச்சு. புதுக் கயிறு கையை அறுக்குது. சாமியார்கிட்ட இன்னும் பேசலை. லெந்து நோன்புக் காலம், அவருக்கு மூச்சு விட நேரமில்ல.

ஏலிக்குட்டி தினம் சாயங்காலம் கோயில் மதிலுக்கு வெளிப் பக்கமா, அந்த மூலைக்கு நேரா வந்து உக்காந்துக்கறா. உள்ள வர மாட்டா. கீத்து முடைவா. இருட்டறதுக்கு முன்னால எழுந்து போயிடுவா. நான் ஜெப மணி அடிக்கறப்ப அவ தலை மட்டும் மேல தெரியும். உனக்கு எழுதக்கூடாதுன்னா. எழுதிட்டேன்.

கோரா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். சீட்டுன்னா என்ன, ஒரு காகிதம்தானே. காத்துல போகும், கறையான் தின்னும். கொச்சியிலேர்ந்து வர்ற வழியில எத்தனை படகு மாறணும். பையன் உண்மையிலயே வாங்கி, எங்கயோ விட்டிருக்கலாம். அப்படி ஒரு வார்த்தை உன் பிரசங்கத்துல சேத்துக்கிட்டா குறைஞ்சு போகுமா?

வயசாச்சு, என்னத்தையோ எழுதறேன்.

பைலி

*

சிபுவே
22 ஏப்ரல் 1979

அன்புள்ள அச்சாயனுக்கு,

பாஸ்கா வாழ்த்துகள். ஏலிக்குட்டி மதிலோரம் உட்காருவதைப் படித்தேன்.

பாஸ்காத் திங்களன்று ஆயர் வந்தார். சுற்றியுள்ள ஐந்து மிஷன் பள்ளிகளிலிருந்தும் வந்து மாமரத்தடியில் கூடியிருந்தார்கள். கன்னியாஸ்திரீ என்னைத்தான் பேசச் சொன்னார். அகஸ்தியைத்தான் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். 'பொய் சொன்ன மகன்' என்று சிறு புத்தகமாக அச்சடித்து ஆகஸ்டில் எல்லா மிஷன் பள்ளிகளுக்கும் அனுப்புவார்களாம்.

நீங்கள் சொன்னதை யோசித்தேன். சீட்டு காற்றில் போயிருக்கலாம். ஆனால் அவன் தொலைத்துவிட்டேன் என்று சொல்லவில்லையே. உங்களிடம் கொடுத்தேன் என்றல்லவா சொன்னான்.

அதை வைத்தே ஒரு பெண் பிள்ளை ஒரு கேள்வி கேட்டாள். எட்டாம் வகுப்பு, பெயர் சோல்வே, கணக்கில் கெட்டிக்காரி. ஆயர் போன மறுநாள் வகுப்பில் கையைத் தூக்கினாள்.

"சார், உங்க பையன் சீட்டை யாருகிட்ட குடுத்ததாச் சொன்னான்?"

"என் அண்ணன்கிட்ட."

"அவர் குடுக்கலைன்னு சொன்னாரா?"

"ஆமா."

"அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர்தானே பொய் சொல்லியிருக்கணும். நீங்க ஏன் சார் பையனை எடுத்துக்கிட்டீங்க?"

வகுப்பே என்னைப் பார்த்தது. நான் சொன்னேன்: "எங்க அச்சாயன் கிண்டல் பண்ணுவார். பொய் சொல்ல மாட்டார்."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கோரா

*

புளிங்கரை
20 மே 1979

இ.ம.சூ.

உன் கடுதாசி வந்துச்சு. மாங்காய் இந்த வருஷம் நல்ல காய்ப்பு. உன் வீட்டுக் கிணத்துக்குக் கம்பி வலை போட்டிருக்கு. ஏலிக்குட்டிக்கு உடம்பு சுகம்.

எனக்கு நெஞ்சுல சளி. நீளமா எழுத முடியலை.

பைலி

*

சிபுவே
10 ஜூன் 1979

அன்புள்ள அச்சாயனுக்கு,

இவ்வளவு சின்னக் கடிதம் உங்களிடமிருந்து வந்ததே இல்லை. யாரையும் கேலி செய்யாத கடிதமும் வந்ததில்லை. நெஞ்சுச் சளியை அலட்சியம் செய்யாதீர்கள். எனக்கும் மறுபடி காய்ச்சல். எழுந்து நிற்க முடிகிற நாட்களில் காலைப் பேச்சுக்குப் போகிறேன்.

புத்தகம் எழுதி முடித்துவிட்டேன். ஒரே ஒரு இடம் பாக்கி. அந்தப் பெண்ணின் கேள்வி என்னை விடவில்லை. படிக்கிற எல்லோரும் கேட்பார்கள். அதனால் கடைசிப் பக்கத்தில் உங்கள் சாட்சி வேண்டும். ஒரு வரி போதும். "என் தம்பி மகன் என்னிடம் சீட்டு கொடுக்கவில்லை." கீழே உங்கள் கையெழுத்து, புளிங்கரைக் கப்பியார் என்று. ஆகஸ்டு முதல் வாரத்துக்குள் எனக்கு வர வேண்டும்.

இன்னும் இரண்டு வருடத்துக்கு இங்கேயே இருக்க ஒப்புக்கொண்டுவிட்டேன். ஏலிக்குட்டியிடம் நீங்களே சொல்லுங்கள்.

கோரா

*

புளிங்கரை
2 ஜூலை 1979

ஒரு வரி போதுமாம்! உனக்கு என்னடா, ஒரு வரி கேட்டுட்டுப் படுத்துக்குவே. அந்த ஒரு வரியை எழுத உக்காந்து மூணு நாள் ஆச்சு. பேனா மசியில ஈ விழுந்து செத்தும் போச்சு.

இயேசு மரி சூசை துணை. இன்னைக்கு நிஜமாவே துணை இருக்கணும்.

பேய் மழை. தண்ணி படித்துறைக்கு மேல மூணு படி ஏறியிருக்கு. நாளைக்குத் தோமையார் திருநாள். ஏலிக்குட்டி எதிர்ல உக்காந்து பலாக்கொட்டை உரிச்சுக்கிட்டிருக்கா. "என்ன அச்சாயா, இன்னைக்கு எழுதறீங்க, வாய் அசையலையே"ங்கறா. அசையுதுடி, இரு. வழக்கம்போல உரக்கச் சொல்லியே எழுதறேன். இன்னைக்கு எதையும் தாண்டப் போறதில்ல.

முதல்ல உன் பிரசங்கத்தைச் சொன்னேன். ஏலிக்குட்டி, உன் புருஷன் அங்க வெள்ளிக்கிழமைதோறும் நம்ம அகஸ்தியைப் பொய்க்காரன்னு சொல்றான், இனி அதைப் புத்தகமாவும் அச்சடிக்கப் போறாங்கன்னு சொன்னேன். கொட்டை உரிக்கற கை நிக்கலை. "அவர் இங்கயே அப்படித்தானே சொன்னார்"ங்கறா.

கோரா, பையன் சீட்டு குடுத்தான்.

எழுதிட்டேன். ஒரு வரிதான். நீ கேட்டபடி.

சனிக்கிழமை சாயங்காலம், படகை விட்டு இறங்கினதும் நேரா மணிக்கூண்டுக்குத்தான் வந்தான். பொடி மட்டையும் சீட்டும். "பெரியப்பா, பேரேட்டுல ஏத்திடுங்க, அப்பா ரெண்டு வருஷமா மூஞ்சி குடுத்துப் பேசலை"ன்னான். பேரேடு சாமியார் அறையில பூட்டி இருந்துச்சு. காலையில ஏத்தறேன்டான்னு சீட்டை மடிச்சுப் பொடி டப்பி மூடிக்குள்ள செருகினேன். காலையில சாமியார் அவன் பேரை வாசிக்கறப்ப அது என் மடியிலதான் இருந்துச்சு. பையன் என்னைப் பாத்தான். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எனக்குத்தான் தெரியுமே, நாலு பேர் என்னைப் பாத்தா என் நாக்கு சும்மா இருக்காது. கொஞ்சம் தவிக்கட்டும்னு பொடி மட்டைன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு டப்பியைத் திறந்து எல்லார் முன்னாலயும் எடுத்துக் காட்டணும், அப்ப இன்னும் சிரிப்பாங்கன்னு இருந்தேன். அந்த ரெண்டு நிமிஷத்துக்குள்ள நீ அடிச்சுட்டே.

அதுக்கப்புறம் அது தமாஷ் இல்லாமப் போச்சு. தமாஷ் இல்லாததை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலைடா. பழக்கமில்லை. பையன் பெரியப்பான்னு ஒரு தடவை கூப்பிட்டான். என்னைக் காட்டிக் குடுக்காம மதியப் படகுலயே போயிட்டான். திருநாளுக்கு வருவான், அப்ப ஏத்திக்கலாம்னு இருந்தேன். வந்தான். வெள்ளம் கொண்டுவந்துச்சு. சாமியார் பேரேட்டைத் திறந்தார், அந்த மூலையைக் காட்டினார். கயிறு என் கையில, டப்பி என் மடியில. ஒரு வார்த்தை போதும். அந்த நேரத்துல சொன்னா இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பாங்களே. அதுக்குப் பயந்தேன். வேற காரணம் தேடிப் பாத்தேன், இல்ல.

புதுச் சாமியார்கிட்ட நான் பேசவே இல்ல, கோரா. அவருக்கு வேலை அதிகம்னது பொய். அவர் தினம் சாயங்காலம் தூண்டில் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார்.

கை நின்னுடுச்சு. என் கை இல்ல, ஏலிக்குட்டியோடது.

"எங்க அது?"ன்னா.

டப்பியை எடுத்தேன். மூடிக்குள்ளேர்ந்து நகத்தால நெம்பினேன். ஆறு வருஷப் பொடியில பழுப்பேறியிருக்கு, ஆனா முத்திரை தெரியுது. அகஸ்தி கோரா, பாஸ்கா, 1973. அவ வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாத்தா. தெரியலை போல. கட்டைவிரலால முத்திரையைத் தடவிப் பாத்தா. மோந்து பாத்தா. ரெண்டு தும்மல் போட்டா. நான் சிரிக்கலை, சத்தியமா.

"அவன் வந்தப்ப என்ன சட்டை போட்டிருந்தான்?"ன்னு கேட்டா.

நீலக் கோடு போட்டதுன்னேன்.

"அதைத்தான் குழியிலயும் போட்டிருந்தான்"னா.

சீட்டை முந்தியில முடிஞ்சுக்கிட்டா. மடியிலேர்ந்து கொட்டையெல்லாம் தரையில உருண்டுச்சு. எழுந்து நிக்கறா. ஏலிக்குட்டி, உக்காரு, இன்னும் முடியலை. உன் புருஷன் என்ன கேட்டிருக்கான்னா, சாட்சிக் கையெழுத்து, அதை நான் எப்படிப் போடப் போறேன்னு இப்பத்தான் எழுதப் போறேன். கேளு. கோரா, பையனை அடிச்ச கை உன்னோடதுதான், ஆனா அதைத் தூக்கிவிட்டது என் நாக்கு, இதை நீ அப்படியே உன் பிள்ளைங்ககிட்ட வெள்ளிக்கிழமை சொல்லு, அந்தப் பொண்ணுகிட்ட முதல்ல சொல்லு, ஏலிக்குட்டி, சீட்டைக் காட்டவா போறே, குடையை எடுத்துக்கிட்டாவது போ, சாமியார் இந்த மழையில கதவைத் திறக்க மாட்டார், காலையில நானே கூட்டிட்டுப் போறேன், மணியும் நானே அடிக்கறேன், புதுக் கயிறுதான், கேக்குதா

கோரா, அவ படியில இறங்கிட்டா. துழாவித் துழாவிப் படகை அவுக்கறா. நான் இன்னும் ஒண்ணும்